மனநோயுற்ற உடன்பிறப்புக்குத் துணைநிற்பது எப்படி?

போரினால் நிலத்தை விட்டு எழும்பிய எத்தனையோ விவசாயக் குடும்பங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளிலும் உறவினர் வீடுகளிலும் தங்கி வாழ்ந்திருக்கின்றன. சில குடும்பங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டன. சில இன்னும் இங்கேயே இருக்கின்றன. வேறு சில, வைத்தியத்துக்காக மட்டும் வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து போகின்றன. காணி உறுதியையும் அடையாள அட்டையையும் போட்டுக் கொண்டுவந்த பையோடு, வெளியில் சொல்ல முடியாத ஒரு கவலையையும் கொண்டுவந்த வீடுகள் உண்டு. அந்த வீட்டில் ஓர் அண்ணனோ தங்கையோ தனியே இருந்து கதைக்கிறார். இரவில் உறங்குவதில்லை. சாப்பாட்டில் நஞ்சு கலந்திருக்கிறது என்று கோப்பையைத் தள்ளிவிடுகிறார். தாய் தகப்பனுக்கு வயது போய்விட்டது. மற்றப் பிள்ளைகள் வெளிநாட்டில். பொறுப்பு முழுவதும் ஓர் அக்காவின் தலையில், அல்லது ஒரு தம்பியின் தலையில் விழுகிறது.

அந்த அக்காவுக்கும் தம்பிக்குமாகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. இது என்ன நோய், அரசாங்க வைத்தியசாலையில் எங்கே போவது, வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்பவற்றை ஒழுங்காகப் பார்ப்போம். எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு, ஆனால் அது இடையில் அறுபடக் கூடாது. இடம் மாறி இடம் மாறி வாழும் எமது மக்களுக்கு இதுவே பெரிய சவால்.

இது என்ன நோய்?

ஊரில் இதை ‘விசர்’ என்றும் ‘மூளைக் குழப்பம்’ என்றும் சொல்லிவிடுகிறோம். வைத்தியர்கள் ‘ஸ்கிசோபிரினியா’ என்பார்கள். தமிழில் மனச்சிதைவு நோய் என்று எழுதுவார்கள். உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் இந்நோயோடு வாழ்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ இது தொடங்கும். ஆண்களுக்குச் சற்று முந்தி வரும்.

இதன் அறிகுறிகள் இரண்டு வகை. முதலாவது, இல்லாதது இருப்பதாகத் தோன்றுவது: ஆளில்லாத இடத்தில் குரல் கேட்பது, தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது, தன் எண்ணங்களை மற்றவர்கள் அறிந்துகொள்கிறார்கள் என்று நினைப்பது. இரண்டாவது, இருந்தது குறைந்துபோவது: முன்பு உற்சாகமாக வேலை செய்த பிள்ளை குளிக்காமல், பேசாமல், மூலையில் குந்தியிருப்பது. முதல் வகையை எல்லோரும் நோய் என்று ஒத்துக்கொள்வார்கள். இரண்டாவது வகையைச் ‘சோம்பல்’, ‘திமிர்’ என்று சொல்லி ஏசுவார்கள். அதுவும் நோயின் பகுதியே. காலில் முறிவு உள்ளவனை ஏன் ஓடவில்லை என்று நாங்கள் கேட்பதில்லை.

எமது மக்களிடையே இன்னொரு சிக்கலும் உண்டு. ஷெல்லடிக்கும் சுற்றிவளைப்புக்கும் நடுவில் வாழ்ந்த ஒருவர் ‘என்னைப் பிடிக்க வருகிறார்கள்’ என்று சொன்னால் அது நோயா, அனுபவத்தால் வந்த பயமா? வீட்டார் தாமாகவே தீர்ப்புச் சொல்லக் கூடாது. முன்பு என்ன நடந்தது, இப்போது என்ன சொல்கிறார் என்பதை வைத்தியரிடம் அப்படியே சொல்லுங்கள். பிரித்தறிவது அவருடைய வேலை.

யாருடைய குற்றம்?

ஒருவருடைய குற்றமும் அல்ல. தாய் வளர்த்த விதத்தால் இது வருவதில்லை. செய்வினையால் வருவதில்லை. மூளையின் செயற்பாட்டில் ஏற்படும் மாற்றம் இது. பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு. வாழ்க்கையின் கடும் நெருக்கடிகளும் கஞ்சா போன்ற போதைப்பொருளும் இதைத் தூண்டலாம்.

‘தம்பிக்கு இப்படி என்றால் எனக்கும் வருமா? என் பிள்ளைக்கும் வருமா?’ என்ற கேள்வி உடன்பிறந்தவர்களின் மனதில் இருக்கும். வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். உண்மை இதுதான்: நோயாளியின் உடன்பிறந்தவர்களில் பத்துப் பேரை எடுத்தால் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு இந்நோய் வருவதில்லை. தங்கையின் கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்ற பயத்தில் அண்ணனை அறைக்குள் பூட்டி வைத்து வைத்தியத்தைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கச் சுகப்படுவது கடினமாகும். மறைப்பதால் கலியாணமும் காப்பாற்றப்படுவதில்லை, அண்ணனும் காப்பாற்றப்படுவதில்லை.

கொழும்பில் எங்கே போவது?

‘அங்கொடை’ என்ற சொல்லை நாங்கள் ஏச்சாகவே பழகிவிட்டோம். இலங்கையில் மனநோயாளருக்கான சட்டம் 1873இல் ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. கொழும்பிலிருந்த பழைய மனநோயகத்தில் இடம் போதாமல் 1920களில் அங்கொடையில் புதிய வைத்தியசாலை எழுந்தது. வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பி வராததால் பல ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து முடித்தவர்கள் உண்டு. அந்தப் பயம்தான் இன்னும் எமது மனதில் நிற்கிறது. அங்கொடை வைத்தியசாலை 2008இல் தேசிய மனநல நிறுவகம் ஆனது. இன்று அங்கே போகிறவர்களில் பலர் சில வாரங்களில் வீடு திரும்புகிறார்கள்.

எல்லோரும் அங்கொடைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் களுபோவிலயில் உள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை கிட்ட. கொட்டாஞ்சேனையில் இருப்பவர்கள் கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குப் போகலாம். வடக்கே நீர்கொழும்புப் பக்கம் இருப்பவர்களுக்கு றாகம போதனா வைத்தியசாலை உண்டு. இவை மூன்றிலும் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது. முதலில் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். அல்லது உங்களைப் பார்க்கும் ஏதாவதொரு வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். பிறகு கிளினிக் நாள் ஒன்று தருவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் பார்ப்பதற்கும் வார்ட்டில் தங்குவதற்கும் பணம் இல்லை, மருந்தும் இலவசம். 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது பல மருந்துகள் இல்லாமற் போய், வெளியே வாங்கும்படி துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அப்படியொரு நிலை வந்தால், ‘இதற்குப் பதிலாக இங்கே இருக்கும் வேறு மருந்து பொருந்துமா?’ என்று வைத்தியரிடம் கேளுங்கள். வாங்கப் பணமில்லை என்று மருந்தை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்க வேண்டாம்.

1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தால் தேசிய மனநல நிறுவகத்தின் உதவிச் சேவை கிடைக்கும். இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். தமிழிலும் பேசலாம்.

நோயாளி வர மறுத்தால் என்ன செய்வது? ‘உனக்கு விசர், வா ஆஸ்பத்திரிக்கு’ என்றால் யாரும் வர மாட்டார்கள். அவருக்கே தொல்லையாக இருக்கும் ஒன்றைப் பிடியுங்கள்: ‘நித்திரை வருகுதில்லை என்கிறாய், அதற்கு ஒருக்கால் காட்டுவோம்.’ கதிர்காமத்துக்குப் போகிறோம் என்று பொய் சொல்லி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டாம். ஒருமுறை ஏமாற்றினால் அடுத்தமுறை உங்களை நம்ப மாட்டார். முடியாவிட்டால் நீங்கள் மட்டும் கிளினிக்குக்குப் போய் வைத்தியரிடம் நிலைமையைச் சொல்லி வழி கேளுங்கள். சமூக உளநலத் தாதியர் உள்ள இடங்களில் அவர்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பதும் உண்டு. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலை வந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு அறிவியுங்கள்; தேவையானால் பொலிஸாரின் உதவியையும் கேளுங்கள்.

வார்ட்டில் ‘கரண்ட் பிடிப்பார்கள்’ என்ற பயமும் பரவலாக உண்டு. மின்சிகிச்சை எல்லோருக்கும் கொடுக்கப்படுவதில்லை. தேவைப்படும் சிலருக்கு, மயக்க மருந்து கொடுத்தே அதைச் செய்கிறார்கள். ஏன் செய்கிறார்கள் என்று கேட்டு அறியும் உரிமை உங்களுக்கு உண்டு.

மொழி இடைஞ்சல்

காய்ச்சலை மானி சொல்லும், சலரோகத்தை இரத்தம் சொல்லும். மனச்சிதைவை நோயாளியின் பேச்சிலிருந்துதான் வைத்தியர் அறிய வேண்டும். அவர் சிங்களத்தில் கேட்க, இவர் தமிழில் முணுமுணுக்க, நடுவில் நிற்கும் நீங்கள் அரைகுறையாக விளக்கினால் நோய் பிழையாக விளங்கப்படும்.

ஆகவே முதலில், தமிழ் தெரிந்த வைத்தியரோ தாதியோ இருக்கிறாரா என்று பணிவாகவும் தயங்காமலும் கேளுங்கள். 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பின்னர் தமிழும் அரசகரும மொழி. இது நீங்கள் கேட்கும் சலுகை அன்று. ஒருவரும் இல்லாவிட்டால், மொழிபெயர்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையை அந்த வேலைக்கு வைக்க வேண்டாம். மொழிபெயர்ப்பவர் சுருக்கவோ திருத்தவோ கூடாது. ‘பக்கத்து வீட்டார் கம்பியால் என் தலைக்குள் கதைக்கிறார்கள்’ என்று நோயாளி சொன்னால் அதை ‘இவருக்குத் தலையிடி’ என்று மாற்றிச் சொல்லாதீர்கள். வெட்கமாக இருந்தாலும் சொன்னபடியே சொல்லுங்கள்.

போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, எத்தனை மணித்தியாலம் உறங்குகிறார், என்ன சாப்பிடுகிறார், முன்பு எடுத்த மருந்துகள் எவை, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, மது அல்லது கஞ்சாப் பழக்கம் உண்டா. வைத்தியருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

கொப்பியைக் காப்பாற்றுங்கள்

கிளினிக்கில் தரும் கொப்பியும், வார்ட்டிலிருந்து வரும்போது தரும் நோய் நிர்ணய அட்டையும் சாதாரணக் கடதாசிகள் அல்ல. நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு எல்லாம் அவற்றில்தான் இருக்கும். காணி உறுதியை எப்படிக் காப்பாற்றினீர்களோ அப்படி அவற்றைக் காப்பாற்றுங்கள். பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள். இரண்டு போட்டோப் பிரதி எடுத்து ஒன்றை உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். கைத்தொலைபேசியிலும் படம் பிடித்து வையுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர் விடியற்காலையில் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. வைத்தியத்துக்காகக் கொழும்பு வந்திருந்தவர்களும் அந்த விடுதிகளில் இருந்தார்கள். 2009இல் வன்னியிலிருந்து ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் உடுத்த உடையோடு மெனிக் பாம் முதலான முகாம்களுக்கு வந்தார்கள். இத்தகைய வேளைகளில் மனநோயாளி ஒருவர் என்ன மருந்து எடுத்தார் என்று சொல்ல ஆளும் இல்லை, கடதாசியும் இல்லை என்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஊருக்குத் திரும்பும் குடும்பங்கள் புறப்படுமுன் கிளினிக்கில் சொல்லி, ஊரிலுள்ள வைத்தியசாலைக்கு ஒரு மாற்றல் கடிதம் வாங்குங்கள். இன்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் வடக்கு கிழக்கின் மாவட்ட வைத்தியசாலைகளிலும் உளநலப் பிரிவுகள் இயங்குகின்றன. கையில் ஒரு மாத மருந்து இருக்கும்போதே அங்கே பதிந்துவிடுங்கள். மாதா மாதம் கொழும்புக்கு பஸ் காசு செலவழிக்கத் தேவையில்லை.

மருந்து பற்றி

1950களில் குளோர்புறோமசின் என்ற மருந்து வந்த பின்னரே மனச்சிதைவு உள்ளவர்கள் பெருந்தொகையாக வீடு திரும்பத் தொடங்கினார்கள். இன்று ரிஸ்பெரிடோன், ஒலன்சபின் போன்றவை அதிகம் பாவிக்கப்படுகின்றன. குளிசை எடுக்க மறப்பவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி உண்டு. வயல் வேலைக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்களுக்கு இந்த ஊசி வசதியானது. வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள். மற்ற மருந்துகள் கேளாதவர்களுக்கு குளோசபின் கொடுப்பார்கள். அது நல்ல மருந்து. ஆனால் வெண்குருதிக் கலங்களைக் குறைக்கக்கூடும். அதனால் முதல் 18 வாரங்களுக்கு வாராவாரம் இரத்தம் சோதிக்க வேண்டும். அம்மருந்தை எடுப்பவருக்குக் காய்ச்சலும் தொண்டை நோவும் வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மருந்துகளால் தொல்லைகளும் உண்டு. கை நடுங்கலாம், உடல் விறைக்கலாம், வாயூறலாம், கால் ஓரிடத்தில் நில்லாமல் பரபரக்கலாம், உடம்பு பருக்கலாம், சீனி ஏறலாம், பெண்களுக்கு மாதவிடாய் தடைப்படலாம். பெரும்பாலானவற்றுக்கு மாற்று வழி இருக்கிறது. சொன்னால்தான் வைத்தியருக்குத் தெரியும். கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால் பயப்படாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஊசி ஒன்றில் சரிவரும்.

சுகம் வந்ததும் மருந்தை நிறுத்துவதே எமது குடும்பங்களில் அதிகமாக நடக்கும் பிழை. அணையில் கசிவு நின்றுவிட்டது என்று அடைத்த மண்ணை எந்த விவசாயியும் எடுத்து வீச மாட்டான். மருந்து இருப்பதால்தான் சுகம் இருக்கிறது. முதன்முறை சுகப்பட்டவர்கூட ஓரிரு ஆண்டுகளாவது தொடர வேண்டும். திரும்பத் திரும்ப வந்தவர் நெடுங்காலம் எடுக்க வேண்டியிருக்கும். குறைப்பதும் நிறுத்துவதும் வைத்தியரோடு பேசிச் செய்ய வேண்டியவை.

வீட்டில் எப்படி இருப்பது?

இலண்டனில் நடந்து 1976இல் வெளியான ஓர் ஆய்வு, ஓயாத குறைகூறலும் கோபமும் அளவுக்கு மீறிய தலையீடும் உள்ள வீடுகளுக்குத் திரும்பிய நோயாளருக்கு நோய் மீண்டும் வருவது மிக அதிகம் என்று காட்டியது. 1980களில் இந்தியாவின் சண்டிகாரில் ஆராய்ந்தபோது அங்குள்ள குடும்பங்களில் இந்தக் குறைகூறல் குறைவாக இருந்தது. நோயாளரும் நன்றாக இருந்தார்கள். இலங்கை நோயாளரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த நான்சி வக்ஸ்லரும் 1979இல், இங்கே பலர் நல்ல நிலைக்குத் திரும்புவதாக எழுதினார். குடும்பம் விட்டுவிடாமல் வைத்திருப்பதும் செய்யக்கூடிய வேலையைக் கொடுப்பதும் எங்களிடம் ஏற்கனவே உள்ள பலம்.

ஆனால் பத்துக்குப் பத்தடி வாடகை அறையில் ஆறுபேர் இருக்கும்போது அந்தப் பலம் தேய்ந்துவிடுகிறது. இயன்ற சிலவற்றைச் செய்யலாம். நோயாளிக்கு என்று ஒரு மூலையை ஒதுக்குங்கள். இரவில் தொலைக்காட்சியை நேரத்துக்கு அணையுங்கள். நித்திரை குறைவது நோய் திரும்புவதன் முதல் அடையாளம். அவர் கேட்கும் குரலைப் பற்றி வாதாடவும் வேண்டாம், ‘ஓம், எனக்கும் கேட்குது’ என்று ஒத்துப்பாடவும் வேண்டாம். ‘எனக்குக் கேட்கவில்லை, உனக்குக் கேட்பது கஷ்டமாக இருக்கும்’ என்று சொன்னால் போதும். சிறிய, முடிக்கக்கூடிய வேலை ஒன்றைக் கொடுங்கள்: தேங்காய் துருவுதல், பூச்சாடிக்குத் தண்ணீர் விடுதல், கடைக்குப் போய்வருதல். ஊருக்குத் திரும்பியவர்கள் தோட்டத்தில் ஒரு பாத்தியை அவருடைய பொறுப்பில் விடலாம்.

முக்கியமான ஓர் எச்சரிக்கை. இந்நோய் உள்ளவர்களில் தற்கொலை ஆபத்து அதிகம். இலங்கையில் தற்கொலை 1995இல் உச்சத்தில் இருந்தது. கொடிய கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின்னர் பெரிதும் குறைந்தது. கைக்கு எட்டாதிருந்தாலே உயிர் தப்பும் என்பதற்கு இது பெரிய சாட்சி. ஆகவே தோட்ட மருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள். குளிசைகளையும் நீங்களே வைத்திருந்து கொடுங்கள். ‘சாகவேணும்’ என்று அவர் சொன்னால் விளையாட்டாக எடுக்க வேண்டாம். அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோங்கள், அல்லது 1926க்கு எடுங்கள். ஏதும் குடித்துவிட்டால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

நேர்த்தியும் மருந்தும்

கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கும் வேறு தலங்களுக்கும் நோயாளியைக் கூட்டிப்போகாத குடும்பம் குறைவு. செபம் மனதுக்கு அமைதி தரும். போங்கள். ஆனால் நேர்த்திக்காக மருந்தை நிறுத்தும்படி எந்தச் சமயத்தவர் சொன்னாலும் கேட்காதீர்கள். குருவானவர் சொன்னாலும் கேட்காதீர்கள். நோயாளியைக் கட்டி வைக்கும் இடத்தில் ஒருநாளும் விடாதீர்கள். மண்டபம் முகாமில் இருந்து வந்தவர்களுக்கு ஏர்வாடி என்ற ஊர் தெரிந்திருக்கும். 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி அங்கே ஒரு கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தப்பி ஓட முடியாமல் இறந்தார்கள். அவர்களை அங்கே விட்டவர்களும் சுகம் வரும் என்று நம்பிய வீட்டார்தான்.

பாரத்தைப் பகிருங்கள்

பார்த்துக்கொள்ளும் அக்காவும் மனுசிதான். அவருக்கும் நித்திரை வேண்டும், வேலை வேண்டும், வாழ்க்கை வேண்டும். வெளிநாட்டிலுள்ள உடன்பிறப்புகள் பணம் அனுப்புவதோடு கடமை முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. ஒருவர் மாதம் ஒருமுறை நோயாளியோடு தொலைபேசியில் ஆறுதலாகக் கதைக்கலாம். இன்னொருவர் விடுமுறையில் வந்து இரண்டு வாரம் பொறுப்பெடுத்து, அக்காவை ஓய்வெடுக்க விடலாம். கிளினிக் நாளுக்கு யார் போவது என்பதை எழுதி வைத்து முறைவைத்துப் போங்கள். குளத்துத் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சிய எமக்கு இது புதிதல்ல. அக்காவுக்குப் பிறகு யார் என்பதையும் இப்போதே பேசுங்கள்.

வேலை செய்ய முடியாத நிலையிலுள்ளவருக்கு அரசாங்க உதவிப்பணம் கிடைக்கக்கூடும். வைத்தியச் சான்றிதழோடு கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். இடம்பெயர்ந்தவர்கள் தாம் எந்தப் பிரிவில் பதிந்திருக்கிறோம் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பல விண்ணப்பங்கள் அங்கேதான் தடைப்படுகின்றன.

இதை வாசித்து முடித்ததும் செய்ய வேண்டியவை மூன்று. கொப்பியை எடுத்து அடுத்த கிளினிக் திகதியைப் பாருங்கள். வீட்டில் எத்தனை நாளுக்கு மருந்து இருக்கிறது என்று எண்ணுங்கள். உங்களால் போக முடியாத நாளில் யார் போவார் என்று ஒருவரிடம் இன்றைக்கே கேளுங்கள். பக்கத்து அறையில் இப்படியொரு குடும்பம் ஒளிந்து வாழ்கிறது என்று தெரிந்தால், கதவைத் தட்டி இந்தப் பக்கத்தைக் கொடுங்கள்.